பட்டியலில் இல்லாத ஏழு பேர்

மேலவயல் விலக்கில் டவுன் பஸ் நிற்காமல் போக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிவிட்டது. புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் வழியில், திருவரங்குளம் தாண்டி, தைலமரக் காட்டை ஒட்டி, ஊருக்குப் பாதை பிரிகிற இடம் அந்த விலக்கு. அங்கே இறங்குகிறவர்கள் எந்தக் காலத்திலும் அதிகம் கிடையாது. காலை எட்டு நாற்பது பஸ்ஸில் வந்து இறங்குகிற பதினேழு பேரை விட்டால், ஆடு மேய்க்கிறவர்கள் இரண்டு பேர் ஏறுவார்கள், அவ்வளவுதான். அந்தப் பதினேழு பேரும் விலக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ‘அரும்பு’ பகல்நேர மையத்துக்கு வருகிறவர்கள். மூளை வளர்ச்சிக் குறைபாடு என்று அட்டையில் எழுதியிருக்கும். எல்லோரும் பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள். ஊரார் வாயில் மட்டும் அவர்கள் இன்னும் ‘அந்தப் பிள்ளைங்க’தான்.

அவர்களில் ஒருத்தி பிரகதீஸ்வரி. வயது இருபத்து மூன்று. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். பேச்சு கொஞ்சம் குழறும், படி ஏறக் கொஞ்சம் நேரமாகும், கோபம் மட்டும் சட்டென்று வரும். அது அம்மா அமராவதியிடமிருந்து வந்தது என்று திருவரங்குளத்தில் அவர்கள் தெருவே சொல்லும். அப்பா அழகுமலை குவைத்தில் டிரைவர். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போனில் வந்து, இரண்டு பேரின் கோபத்தையும் கேட்டுவிட்டுத் தூங்கப் போவார்.

அந்தப் பஸ்ஸில் தனியாகப் போய்வர பிரகதி இரண்டு வருஷம் பழகினாள். முதலில் அமராவதி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனாள். பிறகு நாலு சீட் தள்ளி. பிறகு பின்வாசல் பக்கம், மகள் கண்ணில் படாமல். ஒரு நாள் பஸ் கிளம்பும் நேரத்தில் பிரகதி பின்னால் திரும்பிப் பார்த்து, “நீ எறங்கு” என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. அமராவதி இறங்கினாள். அன்றைக்கு வீட்டில் அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் மகள் தானாக வந்து சேர்ந்து “பசிக்குது” என்றபோதுதான், அடுப்பே பற்றவைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

அப்படிப் பழகிய பாதையில்தான் மண் விழுந்தது. புது டிரைவர் ஒருவர் வந்தார். விலக்கில் பதினேழு பேரும் இறங்க மூன்று நாலு நிமிஷம் ஆகிறது, டைமிங் அடிபடுகிறது என்று எழுதிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து பஸ் விலக்கைத் தாண்டி, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊரில்தான் நின்றது. சாயங்காலம் திரும்பும் பஸ் மட்டும் பழைய டிரைவர் கையில் இருந்ததால் விலக்கில் நின்றுகொண்டிருந்தது. அமராவதி டிப்போவுக்குப் போய்க் கேட்டாள். கிளை மேலாளர் பார்க்க நல்ல மனுஷர்தான். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், பிறகு சொன்னார்:

“அது ஸ்டாப்பே கெடையாதும்மா. பழைய டிரைவருங்க ஏதோ பாவம் பாத்து நிப்பாட்டியிருக்காங்க.”

“நீங்க பாவம் பாக்க வேணாங்க. பஸ்ஸ நிப்பாட்டுனாப் போதும்.”

“பாக்குறோம்மா” என்றார் அவர். அந்தப் ‘பாக்குறோம்’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அமராவதிக்குத் தெரியாதா! தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

அடுத்த ஊரில் இறங்கினால் ஒன்றரைக் கிலோமீட்டரும் ரோட்டோரமாகத் திரும்பி நடக்க வேண்டும். கிரஷரிலிருந்து ஜல்லி ஏற்றிவரும் டிப்பர்கள் அந்த ரோட்டில் என்ன வேகத்தில் போகும் என்பது அந்தப் பக்கத்து நாய்களுக்குக்கூடத் தெரியும். மையத்தின் ஆசிரியர் சவரியப்பன், ஆவூர்க்காரர், தினமும் காலையில் அடுத்த ஊர் வரைக்கும் போய் நின்று எல்லோரையும் கைகோத்துக் கூட்டிவந்தார். அப்படி வரும்போதுதான் ஒரு டிப்பரின் கண்ணாடி பதினேழு பேரில் ஒருவனான வசந்தகுமாரின் தோளில் பட்டு, அவன் பள்ளத்தில் விழுந்து கை ஒடிந்தது. டிப்பர் நிற்கவில்லை.

அதற்கப்புறம் பெற்றவர்கள் பயந்துபோய்ப் பிள்ளைகளை அனுப்பவில்லை. பதினேழு ஆறானது. பத்துப் பேருக்குக் குறைந்தால் மையத்தை நடத்த முடியாது என்று செலவைப் பார்க்கும் அறக்கட்டளையிலிருந்து சொல்லிவிட்டார்கள். மையம் மூடினால் பிரகதிக்கு வீடும் வாசலும் டிவியும்தான். அமராவதியும் பத்து நாள் மகளை வீட்டில் வைத்துப் பார்த்தாள். பிரகதி தினமும் எட்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். எட்டு நாற்பது பஸ் போகும் சத்தம் கேட்டதும் பையைக் கழற்றிச் சுவரில் எறிந்தாள். பதினோராவது நாள் அமராவதியே உடன் கிளம்பினாள். ‘நீ எறங்கு’ என்று சொன்ன மகள் மறுபடி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நடக்க வேண்டியதாயிற்று. அமராவதிக்கு அதைத்தான் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மூன்று திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். மனுவெல்லாம் சுற்றிச் சுற்றி அதே கிளைக்கு வந்தது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மூன்று கடிதம் வந்தது, மூன்றிலும் ஒரே வார்த்தை, ஒரே எழுத்துப் பிழை. மூன்றாவது கடிதம் வந்த அன்று பெற்றவர்கள் மையத்தில் கூடினார்கள். வசந்தகுமாரின் அப்பா பழனிச்சாமி அதிகம் பேசாதவர். அன்றைக்கு அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“மறிப்போம். வேற வழியில்ல.”

எந்தத் தேதி, எத்தனை மணி என்றுதான் பேச்சு போயிற்று. “பிள்ளைங்கள வீட்டுல விட்டுட்டு நம்ம மட்டும் வருவோம். போலீசு, வண்டி, கூட்டம்னு மெரண்டு போயிருங்க” என்றாள் அமராவதி.

பிரகதி ஒரு மூலையில் உட்கார்ந்து மருந்துக் கடைக்கான காகிதக் கவர் ஒட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள்: “பஸ்ஸு யாருக்கு?”

“ஒனக்குத்தான் தாயி.”

“அப்ப நீ எதுக்கு ஒக்கார்ற?”

சவரியப்பன் சிரித்துவிட்டார். பழனிச்சாமி சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார். ஓரமாக உட்கார வேண்டும், கையை விடக் கூடாது என்று ஆயிரம் நிபந்தனை போட்டுத்தான் அமராவதி ஒத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு விலக்கில் உட்கார்ந்தார்கள். பெற்றவர்கள் பத்துப் பேர், சவரியப்பன் ஒருவர், மையத்துக்கு இன்னும் வந்துகொண்டிருந்த ஆறு பேர், கையில் மாவுக்கட்டோடு வசந்தகுமார். எட்டு நாற்பது பஸ் தூரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. கிட்டே வந்து நின்றது.

“பாத்தியா, நிப்பாட்டத் தெரியுது” என்றாள் அமராவதி.

பின்னால் கார், டிப்பர், பால் வண்டி என்று வரிசை கட்டிவிட்டது. பைக்கில் வந்த ஒருவன் முன்னால் வந்து கத்தினான்: “புத்தி சரியில்லாததுகள நடுரோட்டுல ஒக்கார வச்சு சீன் போடுறீங்களா?”

அமராவதி எழுந்தே விட்டாள். “புத்தி சரியா இருக்கவன்தான அந்த டிப்பர ஓட்டுனான்? புத்தி சரியா இருக்கவன்தான நிக்காமப் போனான்? ஒன் புத்திய நீயே பத்தரமா வச்சுக்க.” பைக்காரன் அதற்குமேல் நிற்கவில்லை, திரும்பிக் கூட்டத்துக்குள் போய்விட்டான். பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெண் இறங்கிவந்து பிரகதிக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். பிரகதி வாங்கிக் குடித்துவிட்டு, “நன்றிக்கா, ரோட்ட விட முடியாது” என்றாள்.

ஒன்பதரைக்குப் போலீஸ் வந்தது. எஸ்.ஐ. சுகுணா இளம் வயது, விறைப்பான ஆள். அதிகாரிகளிடம் பேசலாம், கலைந்து போங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். பேசத்தானே மூன்று மாதம் நடந்தோம் என்றார்கள் இவர்கள். மூன்றாவது தடவை அவர் சொல்லவில்லை, வேனைக் கொண்டுவரச் சொன்னார்.

“பெரியவங்க எல்லாம் ஏறுங்க. அந்தப் பிள்ளைங்கள ஓரமா நிப்பாட்டி யாராச்சும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்க கணக்குல இல்ல.”

பெண் போலீஸ் ஒருத்தி பிரகதியின் தோளில் கைவைத்து எழுப்பினாள். பிரகதி எழ மறுத்தாள். போலீஸ் கை அழுத்தியது. அதைப் பார்த்ததும் அமராவதி கைகூப்பிவிட்டாள். இத்தனை நேரம் இருந்த வீறாப்பெல்லாம் எங்கே போனதோ, வாயில் வந்துவிட்டது:

“விட்டுருங்க மேடம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

அது அவள் வாயில் எப்போதும் தயாராக இருந்த வார்த்தை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அடையாள அட்டை வாங்க ஒரு முகாமுக்குப் போயிருந்தபோது, வரிசையில் நின்ற பெண்கள் சொல்லிக்கொடுத்தது. பிள்ளை பதில் சொன்னால் குறைபாட்டுச் சதவீதம் குறைந்துவிடும், உதவித்தொகை வராது, பேசவிடாதீங்க என்றார்கள். டாக்டர் பென்சிலைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். பிரகதிக்குப் பென்சில் தெரியும், ரப்பர் தெரியும், அந்த மேஜையில் இருந்த அத்தனையும் தெரியும். வாயைத் திறந்தாள். அமராவதி மேஜைக்குக் கீழே அவள் கையை இறுக்கினாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. அட்டை கிடைத்தது. அன்றிலிருந்து எந்த ஆபீசுக்குப் போனாலும் அமராவதி அதையே சொன்னாள், வேலை சீக்கிரம் முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் அதே மகளைத்தான் கடைக்கு அனுப்பி, மிச்சக் காசைச் சரியாக வாங்கி வரச் சொல்லுவாள். இதில் இருந்த அநியாயம் இத்தனை வருஷமாக அவளுக்கு உறைக்கவே இல்லை.

பிரகதி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “தெரியும்” என்றாள். தோளில் இருந்த கையை எடுத்துவிட்டு, தானே எழுந்து நடந்து, வேனின் படியில் கால் வைத்தாள். பெண் போலீஸ் இறக்கிவிட்டாள். மறுபடி ஏறினாள். மறுபடி இறக்கினார்கள். அதற்குள் வசந்தகுமார் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து ஏறி உள்ளே உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் மற்ற ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். வரிசையில் நிற்க மையத்தில் நன்றாகவே பழக்கியிருந்தார்கள்.

எஸ்.ஐ. கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, ஏத்துங்க. கூட வந்தவங்கன்னு இருக்கட்டும்.”

ஆலங்குடி போகும் வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். மறியல் செய்தவர்களை மண்டபத்தில் உட்கார வைத்து, சோறு போட்டு, சாயங்காலம் பெயரைச் சரிபார்த்து விடுவது வழக்கம். ஸ்டேஷன் ரைட்டர் ஒருவர் நீளமான நோட்டோடு மேஜை போட்டு உட்கார்ந்தார். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அமராவதி சொல்லிவிட்டு நகர்ந்தாள். அடுத்து மேஜைக்கு முன்னால் வந்து நின்றது பிரகதி.

“நீ போய் ஒக்காரும்மா” என்றார் ரைட்டர், தலையைத் தூக்காமலே.

“எழுதுங்க.”

“ஒனக்கெல்லாம் வேணாம். போம்மா, ஃபேனுக்குக் கீழ ஒக்காரு.”

பிரகதி நகரவில்லை. ரைட்டர் அவளைச் சுற்றி எட்டிப் பார்த்து, பின்னால் நின்ற பழனிச்சாமியைக் கேட்டு எழுதினார். பட்டியல் பதினொன்றில் முடிந்தது. அடியில் கோடு போட்டார்.

ஒரு மணிக்குச் சாப்பாடு வந்தது. தக்காளிச் சாதம், ஊறுகாய், இலையில் கட்டிய பொட்டலம். எண்ணிப் பதினொரு பொட்டலம். பட்டியல்படிதான் வாங்குவார்களாம். அமராவதி தன் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை மகள் பக்கம் நகர்த்தினாள். வேனில் ஏறியதிலிருந்து பிரகதி அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதுதான் பேசினாள்.

“இது ஒன்னோடது. என்னோடது எங்க?”

“ரெண்டு பேரும் சாப்புடலாம் தாயி. நெறையத்தான் இருக்கு.”

“என்னோடது எங்க?”

சத்தமாகத்தான் கேட்டாள். மண்டபம் காலியாக இருந்ததால் அது எதிரொலித்தது. வசந்தகுமாருக்கு நல்ல பசி, அவன் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அப்பா நீட்டிய சோற்றை இடது கையால் தள்ளினான். பழனிச்சாமி மகனைப் பார்த்தார், தன் பொட்டலத்தை மடித்துக் கட்டினார், எழுந்துபோய் ரைட்டர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். அடுத்து சவரியப்பன் வைத்தார். கொஞ்ச நேரத்தில் பதினொரு பொட்டலமும் மேஜைமேல் இருந்தன. ரைட்டருக்கு எழுத இடமில்லை.

எஸ்.ஐ. சுகுணா வந்து பார்த்தார். “என்ன இது? பொட்டலம் பத்தலையா? ஏழு பொட்டலம் வாங்கிட்டு வரச் சொல்றேன், அவ்வளவுதான?”

“பேரு” என்றாள் பிரகதி. “பேரு எழுதுங்க.”

எஸ்.ஐ. அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அமராவதியைத் தனியாகத் தூண் பக்கம் கூப்பிட்டார். குரலைத் தணித்து, உண்மையிலேயே நல்லதுக்குத்தான் சொன்னார். “அம்மா, பேரு எழுதுனா கேஸ்ல வரும். நாளைக்கு இந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் ஒரு வேலைக்கோ கடனுக்கோ போனா இது நிக்கும். பெத்தவங்க நீங்க. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிஞ்சுரும்.”

அமராவதிக்குப் பயமாகத்தான் இருந்தது. கேஸ் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படாத தாய் யார்? குவைத்துக்குத் தெரிந்தால் மனுஷன் என்ன சொல்லுவார் என்று வேறு ஓடியது. வேணாம் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மகளைப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்க்கவில்லை, பொட்டலங்களுக்கு நடுவில் கிடந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத பிள்ளை, கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தது. அமராவதிக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு வருஷத்து வெட்கம் மொத்தமாக வந்து நின்றது.

“என்னக் கேக்காதீங்க மேடம்” என்றாள். மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள். “ரோட்டுல ஒக்காந்தது அவ. அவளக் கேளுங்க. காலையில அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன்ல, அது பொய்யி. போலீசுகிட்ட பொய் சொன்னதுக்கு வேணும்னா எம்மேல இன்னொரு கேஸப் போடுங்க.”

எஸ்.ஐ. ரைட்டரை நகரச் சொல்லி, தானே நோட்டைத் திருப்பிவைத்து உட்கார்ந்தார். பிரகதியைப் பார்த்துக் கேட்டார். அன்றைக்குப் போலீஸ்காரர்களில் ஒருவர் அவளை நேராகப் பார்த்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“பேரு?”

“பிரகதீஸ்வரி.”

“பிரகதின்னு போட்டுக்கவா?”

“இல்ல. பிரகதீஸ்வரி. அப்பா அழகுமலை. வயசு இருவத்தி மூணு. திருவரங்குளம்.”

“எதுக்கு ரோட்டுல ஒக்காந்த?”

பிரகதிக்கு நீளமாகப் பேச நேரம் பிடிக்கும். அமராவதி பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தாள். உதவி செய்யக் கூடாது என்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும். எஸ்.ஐ. பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

“பஸ்ஸு நிக்கல. வசந்தகுமார் கை ஒடைஞ்சுது. நான் தனியாப் போவேன். அம்மா வர வேணாம். அதுக்கு நிக்கணும்.”

எஸ்.ஐ. அதை அப்படியே எழுதினார். பிறகு வசந்தகுமார் சொன்னான். அடுத்து நின்ற சூர்யபிரகாஷுக்குப் பேச்சு வராது. அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி நோட்டின்மேல் வைத்துவிட்டு, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான். கோட்டுக்குக் கீழே ஏழு பெயர் ஏறியது. ஏழு பொட்டலம் வந்தது. பிரகதி தன் பொட்டலத்தைத் தானே பிரித்து, ஊறுகாய் வரைக்கும் வழித்துச் சாப்பிட்டாள். அப்புறம்தான் பதினொரு பேரும் தங்கள் பொட்டலங்களை எடுத்தார்கள். சோறு ஆறிப்போயிருந்தது.

பட்டியல் மேலே போனது. பஸ் கேட்டு மறியல் செய்த ஏழு மாற்றுத்திறனாளிகள் கைது என்று எழுத்தில் போனதும் போன்கள் அடிக்க ஆரம்பித்தன. பதினொரு பேர் என்றால் அது தினமும் எங்கேயோ நடக்கிற மறியல். இந்த ஏழு பேர் சேர்ந்ததும் அதிகாரிகள் எல்லோருக்கும் வியர்த்துவிட்டது. மூன்று மாதம் ‘பாக்குறோம்’ என்ற கிளை மேலாளர் நாலு மணிக்கு ஜீப்பில் ஓடிவந்தார், கையில் கடிதத்தோடு.

மேலவயல் விலக்கில் பஸ் நிற்கும் என்று கடிதம் சொன்னது. பெற்றவர்கள் முகத்தில் உயிர் வந்தது. பதிலுக்கு, இனி மறியலில் ஈடுபட மாட்டோம் என்று எல்லோரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பழனிச்சாமி முதல் ஆளாகப் போட்டார். அமராவதி பேனாவைக் கையில் வாங்கிவிட்டாள்.

“அதுல என்ன எழுதியிருக்கு?” என்றாள் பிரகதி. “சவரி சார், படிங்க.”

சவரியப்பன் கடிதத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தார். காலை எட்டு நாற்பது பேருந்து, ஒரு வார காலத்துக்கு, சோதனை அடிப்படையில், மேலவயல் விலக்கில் நின்று செல்லும்.

“ஒரு வாரம்னா?”

“ஏழு நாளு.”

பிரகதி விரல் விட்டாள். ஏழு விரல் மடங்கியது. எட்டாவது விரலைப் பிடித்துக்கொண்டு மேலாளரிடம் நீட்டினாள். “இந்த நாளு?”

மண்டபத்தில் இருந்த இத்தனை பெரியவர்களும் அந்தக் கடிதத்தைக் கேட்டார்கள், ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மேலாளர் சிரித்து மழுப்பப் பார்த்தார். “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் பாப்பா.”

“இப்பப் பாருங்க.”

அவர் அமராவதி பக்கம் திரும்பினார். “நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கம்மா.”

“அவ ஒங்களத்தான் கேட்டா சார். பதிலச் சொல்லுங்க” என்றாள் அமராவதி. பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

மேலாளர் வெளியே போய்ப் போனில் ரொம்ப நேரம் பேசினார். திரும்பி வந்து, ‘ஒரு வார காலத்துக்கு’, ‘சோதனை அடிப்படையில்’ என்ற இரண்டையும் அடித்து, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். சவரியப்பன் மறுபடி படித்தார். பிரகதி தலையாட்டினாள்.

“இப்பக் கையெழுத்துப் போடும்மா” என்றார் மேலாளர்.

“நாளைக்கு நிக்கட்டும். நின்னாப் போடுறேன்.”

“நிக்கலேன்னா?”

“ஒக்காருவேன்.”

பழனிச்சாமி எழுந்து வந்தார். “என் காயிதத்தக் குடுங்க. நானும் நாளைக்கே போட்டுக்கிறேன்.” அவர் போட்ட தாளை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மண்டபத்து வாசலில் டெம்போ வந்து நின்றது. மறுநாள் அங்கே காதணி விழா. அண்டா, குண்டா, வாழைக்குலை, சமையல்காரர்கள் எல்லாம் இறங்கினார்கள். காதுகுத்துக்காரக் குடும்பத்துப் பெரியவர் உள்ளே வந்து, நாற்காலியில் நிறைந்திருந்த பதினெட்டுப் பேரையும் போலீசையும் பார்த்து, “இவுக எந்த வகையறா?” என்று கேட்டார். எஸ்.ஐ.க்கே சிரிப்பு வந்துவிட்டது. மேலாளர் எழுதி வாங்காமல் விடக் கூடாது என்றார். எஸ்.ஐ. அவரைக் கவனிக்காமல் பிரகதியிடம் வந்தார்.

“நாளைக்குக் காலையில எட்டரைக்கு நான் விலக்குல நிப்பேன். பஸ்ஸு நின்னுச்சுன்னா கையெழுத்துப் போடணும். பேச்சு மாறக் கூடாது.”

“மாற மாட்டேன்” என்றாள் பிரகதி. “நீங்க லேட்டா வராதீங்க.”

மறுநாள் திருவரங்குளத்தில் பஸ் ஏறும்போது அமராவதி, “நானும் வரவா?” என்று கேட்டாள். இப்படிக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. பிரகதி யோசித்து, “இன்னிக்கு மட்டும்” என்றாள். அமராவதி பின்னால் போய் உட்கார்ந்தாள். வழியில் ஒவ்வொரு ஊரிலும் ஆள் ஏறியது. பயந்து நிறுத்தியிருந்தவர்களில் ஐந்து பேர் பையோடு வந்திருந்தார்கள். எண்ணினால் பன்னிரண்டு. தைலமரக் காடு வந்ததும் அமராவதி முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஸ் வேகம் குறைந்தது. விலக்கில் நின்றது.

பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள். வசந்தகுமார் கட்டுப்போட்ட கையோடு ஒவ்வொரு படியாக இறங்கினான், சூர்யபிரகாஷ் இறங்கிவிட்டு மறந்துபோன டிபன் பாக்ஸுக்காக மறுபடி ஏறினான். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. எஸ்.ஐ. சொன்னபடி வந்து நின்றிருந்தார், பக்கத்தில் மேலாளர், கையில் தாள்.

பிரகதி தாளை வாங்கினாள். வைத்து எழுத இடம் தேடினாள். மேலாளர் தன் ஃபைலை நீட்டினார், அவள் வாங்கவில்லை. நேராக பஸ்ஸுக்கு முன்னால் போனாள். தாளை அதன் முகப்பில் வைத்து இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நாக்கை லேசாகக் கடித்தபடி எழுத ஆரம்பித்தாள். பி. ர. க. தீ-க்குச் சுழி போட மட்டும் வெகு நேரம் பிடித்தது. மேலே டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார், எஸ்.ஐ.யைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார். அவர் கை மெதுவாக ஹாரன் பக்கம் போனது.

பிரகதி ஸ்-க்குப் புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“இருங்கண்ணே. இன்னும் ரெண்டு எழுத்து இருக்கு.”